ஆயிரத்துப் பதினொன்று

அத்தியாயம் ஆறு

விசாரணை இரண்டு மணிக்கு. நாங்கள் போய் இறங்கியபோது பத்தேகால். மூன்றே முக்கால் மணி நேரத்தில் ஒரு பெண்ணின் வேலையையும் பெயரையும் காப்பாற்ற வேண்டும் என்றார் சீதேவி அக்கா. முதலில் என் ஸ்கூட்டியின் பின்சில்லைக் காப்பாற்ற வேண்டும் என்றேன் நான். கல்லடிப் பாலத்திலிருந்து பெரியகல்லாறு வரைக்கும் அது காற்றை விட்டுக்கொண்டேதான் வந்தது. அக்கா சிரிக்கவில்லை. இரண்டு வருடத்தில் அவர் சிரித்து நான் நாலு தரம் பார்த்திருக்கிறேன். நாலும் என் பகிடிக்கு அல்ல.

நான் ஸாதியா. ஊர் காத்தான்குடி. கணினி டிப்ளோமாவைப் பாதியில் விட்டவள். சீதேவி அக்கா இருபத்திரண்டு வருடம் காணிப் பதிவுக் கந்தோரில் பழைய உறுதிப் பத்திரங்களோடு குடித்தனம் நடத்தியவர். பொய் உறுதியை மணத்திலேயே பிடிப்பார் என்று பெயர். ஓய்வுக்குப் பிறகு டவுனில் ஒரு மருந்துக்கடை மாடியில் துப்பறியும் கந்தோர் திறந்தார். அங்கே இருப்பது ஒரு மேசை, இரண்டு கதிரை, நான்.

எங்களை அழைத்தவள் கஜானி. வாவி நீராய்வு நிலையத்தில் ஆய்வு உதவியாளர், வயது இருபத்தொன்பது, பெரியகல்லாற்று மீனவரின் மகள். நிலையத்தின் படலையடியில் காத்துக்கொண்டு நின்றாள். உள்ளே விறாந்தை வாங்கில் ஏழெட்டு ஊர்க்காரர்கள் இருந்தார்கள். நடுவில் வெள்ளைச் சேட்டோடு ஒரு பெரியவர். கஜானி அந்தப் பக்கம் பார்க்காமலே எங்களைப் பின்கதவால் கூட்டிப்போனாள்.

"நடுவில இருக்கிறது ஆர்?" என்று கேட்டேன்.

"அப்பா."

பேர் சாமித்தம்பி. மீனவர் சங்கத் தலைவர். மகளை வேலையிலிருந்து நீக்குவதைக் கண்ணால் பார்க்க மனிதர் நாலு மணி நேரம் முன்னதாகவே வந்து குந்தியிருந்தார்.

கதை இதுதான். பெப்ரவரி தொடக்கத்தில் ஒரு விடியற்காலை பெரியகல்லாற்றுக் கரை முழுக்க மீன் செத்து மிதந்தது. வாவியின் எதிர்க்கரை இறால் பண்ணை கழிவுநீரைத் திறந்து விட்டது என்று மீனவர் சங்கம் வழக்குப் போட்டது. அன்று காலை நிலையம் ஆறு இடத்தில் தண்ணீர் எடுத்து அமோனியா அளந்திருந்தது. ஆறிலும் நஞ்சு. கஜானி அதை வரைபடமாக அச்சடித்துச் சங்கத்துக்குக் கொடுத்தாள். இரண்டு கிழமைக்கு முன் சட்டத்தரணிகள் மூலக் கோப்பையே கேட்டார்கள். திறந்து பார்த்தால் ஆறு இடத்திலும் 0.4. குழந்தையைக் குளிப்பாட்டக்கூடிய தண்ணீர்.

அந்தக் கோப்பில் எழுத அனுமதி ஒரே ஒருத்திக்குத்தான், கஜானிக்கு. வரைபடம்தான் பொய், அப்பனுக்காகக் கீறிக் கொடுத்தாள் என்றது பண்ணை. கோப்புத்தான் பொய், பண்ணையிடம் விலைபோய்விட்டாள் என்றது ஊர். எதிலுமே ஒத்துப்போகாத இரண்டு தரப்பும் கஜானி கள்ளி என்பதில் மட்டும் ஒத்துப்போயின. தகப்பன் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டார். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். அவள் பெயரில் எழுதிய வீட்டின் கதவைத்தான் அவர் சாத்தினார். இப்போது அவள் படுப்பது, கூட வேலை செய்யும் மேனுகாவின் வீட்டில், செங்கலடியில்.

இதைக் கேட்டதிலிருந்து எனக்குள் ஒரு கோபம். யார் மேல் என்று அப்போது தெரியவில்லை.

கணினி அறையில் ஜிப்ரி நானா இருந்தார். நிலையத்தின் கணினிகளைப் பார்ப்பவர், எங்கள் ஊர்தான்; அண்ணனை நாங்கள் நானா என்போம். என்னைக் கண்டதும், "நீ டிப்ளோமாவ முடிச்சியா புள்ள?" என்றார்.

"டிப்ளோமாதான் என்னை முடிச்சிட்டு நானா. அந்தக் கோப்பைக் காட்டுங்க."

காட்டினார். பெப்ரவரி இருபத்திரண்டு, முற்பகல் பதினொன்று பத்துக்குக் கடைசியாக எழுதப்பட்டிருந்தது. சொந்தக்காரர்: கஜானி. அவளுக்கு எழுத அனுமதி, குழுவில் உள்ள மற்றவர்களுக்கு வாசிக்க மட்டும்.

அக்கா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஆறு 0.4 ஐயும் பார்த்தார். பிறகு கஜானியைப் பார்த்தார்.

"புள்ள, நல்ல தண்ணி எண்டு காட்டோணும் எண்டா நீ என்ன எழுதுவாய்?"

கஜானி யோசித்தாள். "ஒரு இடத்தில 0.3. அடுத்ததில 0.45. ஆத்துவாய்ப் பக்கம் கொஞ்சம் குறைய. ஆறு இடமும் ஒரே மாதிரி வராது. வந்தா அளக்கிற கருவி பழுது எண்டு அர்த்தம்."

"கேட்டயா ஸாதியா? இவ பொய் எழுதியிருந்தா வடிவா எழுதியிருப்பா. இது தண்ணி அளக்கத் தெரியாத ஆள்ட பொய்."

"அதை விசாரணையில சொல்ல ஏலாதே அக்கா. எனக்கு இதைவிடத் திறமாக் களவெடுக்கத் தெரியும் ஐயா எண்டா சொல்லுறது?"

கஜானிக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. அக்கா ஜிப்ரி நானாவின் பக்கம் கிறுகினார். "தம்பி, இந்த மெசினுக்குக் கஜானிய எப்படித் தெரியும்?"

"மெசினுக்கு ஆளைத் தெரியாது அக்கா, நம்பரைத்தான் தெரியும். உள்ளுக்கு ரெண்டு பட்டியல் இரிக்கி. ஒண்டில ஆக்கள், மற்றதில குழுக்கள். ஆக்கள்ட பட்டியல்ல ஒவ்வொரு பேருக்கும் ஒரு நம்பர். கஜானிக்கு ஆயிரத்துப் பதினொண்டு. கோப்பில ஒட்டியிரிக்கிறது அந்த நம்பர் மட்டும்தான். நாம பாக்கக்குள்ள மெசின் பட்டியலைப் பாத்து, நம்பருக்குரிய பேரைச் சொல்லும்."

"காணித் துண்டு மாதிரி. எல்லைக்கல்லில நம்பர்தான் இருக்கும், பேர் இடாப்பில." அக்காவின் குரல் ஒரு சுற்று உயர்ந்தது. "இடாப்பு ஒண்டா, ரெண்டா?"

"கோப்பெல்லாம் பொதுவில ஒரே இடத்தில, இடாப்பு ஒவ்வொரு மெசினிலயும் ஒண்டு. ஆனா எல்லாம் ஒரே மாதிரித்தான். நான் கொப்பியைப் பாத்துத்தான் போட்ட. முதலாவது ஆளுக்கு ஆயிரத்தொண்டு, ரெண்டாவது ஆளுக்கு ஆயிரத்து ரெண்டு, அப்படியே." மேசை லாச்சியிலிருந்து மூலை மடிந்த அப்பியாசக் கொப்பி ஒன்றை எடுத்துக் காட்டினார். அதில் வேலைக்குச் சேர்ந்த வரிசையில் பெயர்கள் இருந்தன.

அவர்கள் இடாப்பில் இருக்க, நான் சும்மா திரையை உருட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தொகுப்பில் படகுப் பதிவுகள் கிடந்தன. தண்ணீர் எடுக்கப் போகும் வள்ளம் எத்தனை மணிக்குப் புறப்பட்டது, எங்கே நின்றது என்று வள்ளக்காரர்கள் எழுதுவது. அதன் சொந்தக்காரர் பெயர்களைப் பார்த்ததும் கை நின்றது. உசனார், சாமித்தம்பி, கஜானி. திரும்பத் திரும்ப அந்த மூன்றே பெயர்கள்.

"கஜானி, நீங்க வள்ளமும் ஓடுவீங்களா?"

"நானோ? எனக்குத் தண்ணியெண்டா பயம். நான் கரையில நிண்டு போத்தில் வாங்குற ஆள்."

"அப்ப இந்தப் பதிவை எழுதினது ஆரு?"

வள்ளக்காரர்கள் மூன்று பேர் என்றாள். ஸியாம், உசனார், அவளுடைய அப்பா. மூவரும் மார்ச் வரை ஒப்பந்தத்தில் இருந்தவர்கள். ஒரு நாளைக்கு ஒருவர் என்று முறை வைத்து ஓடினார்கள். பதிவை எழுதுவது துறையடிக் கொட்டிலில் இருக்கும் ஐந்தாம் இலக்கக் கணினியில். அதை வேறு ஒருவரும் தொடுவதில்லை.

மூன்று வள்ளக்காரரில் இரண்டு பேருடைய பெயர் இருக்கிறது. ஸியாமின் பெயரில் ஒரு வரி கூட இல்லை. அவன் இருக்க வேண்டிய இடத்தில் கஜானி இருக்கிறாள்.

"ஸியாம் இப்ப எங்க?" என்று கேட்டேன்.

"கத்தாருக்குப் போயிட்டான். மார்ச் கடைசியில."

எனக்குத் துள்ள வேண்டும் போல் இருந்தது. துறையடிக் கணினியில் ஸியாமுக்கு ஆயிரத்துப் பதினொன்று விழுந்திருக்கிறது. அங்கிருந்து அவன் எழுதினால் இங்கே கஜானி எழுதியதாகத் தெரியும். கஜானிக்கு மட்டும் திறக்கும் கோப்பு அவனுக்கும் திறந்திருக்கும். ஆள் கடல் கடந்து போயாச்சு. இதைவிட வசதியான குற்றவாளியை ஒருவரும் பெற்றுத்தர மாட்டார்கள்.

கஜானியின் முகத்தில் இரண்டு கிழமைக்குப் பிறகு இரத்தம் ஓடியது. "அப்பாக்கிட்ட இப்பவே சொல்லட்டா அக்கா?"

"பொறு புள்ள," என்றார் அக்கா. "துறையடிக்குப் போவம்."

துறையடிக் கொட்டில் கண்டல் மரங்களுக்கு நடுவில் இருந்தது. ஐந்தாம் கணினியின் தலையில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தன. ஜிப்ரி நானா அதை உயிர்ப்பித்து அதே கோப்பை இங்கிருந்து காட்டினார். சொந்தக்காரர் இடத்தில் பெயர் இல்லை. வெறும் 1011.

"பேரைக் காணல்லையே."

"இந்த மெசினில வள்ளக்காரர்ட மூணு பேரையும் மார்ச்சில நான்தான் அழிச்ச. கஜானிட பேரைப் போன கிழமை. பேர் போனா நம்பர் மட்டும்தான் மிஞ்சும்."

"சரி, இந்த மெசினில ஸியாமுக்கு எத்தினை நம்பர்?"

நானா கொப்பியைப் புரட்டினார். விரல் வரிசையில் இறங்கி நின்றது. முகம் சுருங்கியது. "ஸியாம் எட்டாவது ஆள் புள்ள. எட்டு எப்படிப் பதினொண்டாகும்?"

"பதினொண்டாவது ஆர்?"

அவர் கஜானியைப் பார்த்தார். சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை.

கஜானி கொட்டிலின் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய பெயரைக் காப்பாற்ற வந்த நான் அவளுடைய பெயரையே இரண்டாவது கணினியிலும் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறேன். பண்ணைக்காரர்கள் கூட இவ்வளவு உதவி செய்திருக்க மாட்டார்கள். மணி பன்னிரண்டரை.

அக்கா அசையவில்லை. அவர் கண் கணினியின் தலையில் இருந்த குங்குமத்தில் நின்றது. "தம்பி, இதை எப்ப வச்சது?"

"வாணி விழாவுக்கு அக்கா, சரஸ்வதி பூசைக்கு. மற்ற மெசினெல்லாம் அதுக்கு முந்தி வந்த. இது வந்தது பூசை அண்டு. கர்ப்பூரம் காட்டித்தான் திறந்த."

"கொப்பியை மூடு. உள்ள இருக்கிற இடாப்பைத் திற. ஸாதியா, மேலயிருந்து ஒவ்வொண்டா வாசி."

திறந்தார். முதல் வரியிலேயே நின்றேன். ஆயிரத்தொன்று என்ற எண்ணுக்கு நேரே ஒரு பெயர். அப்படி ஒரு ஊழியர் அந்த நிலையத்தில் சம்பளம் வாங்கியதில்லை.

"பிள்ளையார்," என்று வாசித்தேன்.

ஜிப்ரி நானா தலையில் கை வைத்தார். "அல்லாஹ். மறந்தே போயிட்டன். பணிப்பாளர் சொன்னார், நல்ல காரியம், முதல் பேர் பிள்ளையார்ட பேரா இருக்கட்டும் எண்டு. பூசை நேரத்தில நான் என்னத்தச் சொல்லுற? போட்டுட்டு மறுகா கொப்பியைப் பாத்து மற்ற ஆக்களைப் போட்ட."

"பிள்ளையாருக்குக் கடவுச்சொல்லும் குடுத்தீங்களா நானா?"

"மோதகம்."

வேறு நாளென்றால் ஒரு கிழமை சிரித்திருப்பேன். அக்கா விரலால் மேசையில் கோடு கீறிக்கொண்டிருந்தார்.

"வயல் வட்டையில முதல் துண்டைக் கோயிலுக்கு விட்டா, மற்ற எல்லார்ட துண்டும் ஒண்டு தள்ளித்தான் விழும். இங்க எல்லாருக்கும் ஒரு நம்பர் கூட. கடைசி வரியை வாசி."

"ஆயிரத்துப் பதின்மூண்டு, மேனுகா."

"கொப்பியில மேனுகா எத்தினையாவது?"

"பன்னிரண்டு," என்றார் நானா.

"பாத்தயா, சரியா ஒண்டு தள்ளியிருக்கு. எட்டாவது ஆள் ஸியாம்ட பதிவு ஒன்பதாவது ஆள் உசனார்ட பேரில விழுந்திருக்கு. உசனார்ட பதிவு..." அக்கா அந்த இடத்தில் நிறுத்தினார். நான் படகுப் பதிவின் மூன்று பெயர்களையும் நினைத்துப் பார்த்தேன். உசனாருடையது சாமித்தம்பியின் பெயரில். அப்படியென்றால் கஜானியின் பெயரில் விழுந்தது யாருடையது? இந்தக் கணினியில் ஆயிரத்துப் பதினொன்று கொப்பியின் பத்தாவது ஆள். நானாவின் விரல் பத்தாவது வரியில் நின்றது.

கஜானி கொப்பியைப் பார்க்கவே இல்லை.

"அப்பா," என்றாள். "நானும் அப்பாவும் ஒரே நாள்தான் வேலைக்கு வந்த நாங்க. அவர் முதல்ல கையெழுத்து வச்சவர். பத்து அவர், பதினொண்டு நான்."

வெளியே ஒரு வள்ளம் போய்க்கொண்டிருந்தது.

"சங்கத் தலைவரே சங்கத்தின்ட வழக்கை ஏன் கெடுக்கிற?" என்று நான்தான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"என்ட தம்பிக்காக." அவள் குரல் ஏறவுமில்லை இறங்கவுமில்லை. "நிதுர்ஷன் இறால் பண்ணையிலதான் வேலை. துருசுக் கதவுக்குக் காவல். அண்டைக்குக் கதவைத் திறந்து கழிவுத்தண்ணிய விட்டது அவனாத்தான் இருக்கோணும். வழக்கு வெண்டா, துருசைத் திறந்தது ஆரெண்டு பொலிஸ் தேடும். வழக்குப் போடக்குள்ள அப்பாக்கு இது தெரிஞ்சிருக்காது. மறுகா தெரிஞ்சிருக்கும். ஊரே பின்னால நிக்குது, வாபஸ் வாங்க ஏலாது."

"கோப்பு எங்க இருக்கெண்டு அவருக்கு எப்படி?"

"என்னட்டக் கேட்டவர். சாப்பிட்டுக்கொண்டிருக்கக்குள்ள. நான் சொல்லிக் குடுத்தன். என்ட வேலையைப் பத்தி அப்பா கேக்கிறாரெண்டு எனக்குப் பெரிய சந்தோசம் அக்கா."

கோப்பு திறக்காது என்று நினைத்துக்கொண்டுதான் மனிதர் தட்டிப் பார்த்திருப்பார். திறந்துவிட்டது. அந்தக் கணினி அவரை மகள் என்று நம்பியது.

அக்கா இரண்டு கணினிகளின் இடாப்பையும் கொப்பியின் பக்கத்தையும் ஒரே தாளில் அச்சடிக்கச் சொன்னார். தாளைக் கஜானியிடம் நீட்டினார். "இதைக் குடுக்கிறதும் விடுறதும் உன்ட இஷ்டம் புள்ள. நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

இரண்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது. விறாந்தையில் ஊர்க்காரர்கள் கஜானியைக் கண்டு முகத்தைத் திருப்பினார்கள். அவள் நேரே போய் வெள்ளைச் சேட்டின் முன்னால் நின்றாள். நாங்கள் நாலடி தள்ளி நின்றோம்.

"அப்பா, துறையடி மெசினில உங்கட நம்பர் என்னெண்டு தெரியுமா?"

சாமித்தம்பி நிமிரவில்லை. அவள் தாளை அவர் மடியில் வைத்தாள். அவர் அதை வாசித்தாரா என்று எனக்குத் தெரியாது.

"உன்ட பேர் வருமெண்டு எனக்குத் தெரியாது," என்றார், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில்.

"வந்த பிறகு தெரியும்தானே?"

சாமித்தம்பி தாளின் ஓரத்தை நீவினார்.

"ரெண்டு கிழமை அப்பா. என்ட வீட்டுக் கதவைச் சாத்தினீங்க."

"அவனைப் பொலிஸ் கொண்டு போனா அவன்ட வாழ்க்கை முடிஞ்சி. நீ படிச்சவள். எங்க போயும் பிழைச்சிக்குவாய்."

எனக்கு நாலு தம்பிமார். அந்த வசனத்தை எங்கள் வீட்டிலும் வேறு வேறு சொல்லில் கேட்டு வளர்ந்தவள் நான். பெண்பிள்ளை கெட்டிக்காரியாக இருந்தால் அதற்கு ஒரு தண்டனை உண்டு. எந்தப் பாரத்தையும் அவள் தலையில் வைக்கலாம். காலையிலிருந்து யார் மேல் என்று தெரியாமல் இருந்த கோபத்துக்கு அப்போது ஆள் கிடைத்தது.

"நான் குடுத்தா மகள் தகப்பனைக் காட்டிக்குடுத்தாள் எண்டு ஊர் சொல்லும்," என்றாள் கஜானி. "நீங்களே உள்ள கொண்டு போய்க் குடுங்க. அப்பதான் உங்கட மரியாதை மிஞ்சும்."

உள்ளேயிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து அவளுடைய பெயரைக் கூப்பிட்டார்.

சாமித்தம்பி தாளை இரண்டாக மடித்தார், பிறகு நாலாக. சேட்டுப் பையில் போட்டு, மேலே கையை வைத்துக்கொண்டு, வாங்கிலேயே இருந்தார்.

கஜானி அவருடைய பையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டாம் தரமும் கூப்பிட்டார்கள். அப்போது சீதேவி அக்கா தன் கைப்பையைத் திறந்தார். காணிக் கந்தோரில் இருபத்திரண்டு வருடம் இருந்தவர் ஒரே ஒரு பிரதியோடு எங்கும் போனதில்லை. இரண்டாவது தாளை அவள் பக்கம் நீட்டினார்.

கஜானி கை நீட்ட எடுத்த நேரம் எனக்கு மிக நீளமாகப் பட்டது. பிறகு வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

முக்கால் மணி நேரம். நடுவில் ஜிப்ரி நானாவைக் கூப்பிட்டார்கள், பிறகு கொப்பியைக் கேட்டார்கள். அவள் வெளியே வரும்போது வேலை திரும்பக் கிடைத்திருந்தது. அவள் அச்சடித்த வரைபடமே உண்மை என்று நிலையம் நீதிமன்றத்துக்கு எழுதப்போகிறது. நிதுர்ஷனைத் தேடிப் பொலிஸ் பண்ணைக்குப் போகும். ஊர் வழக்கில் வெல்லும். வாங்கில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழும்பினார்கள். ஒருவராவது அவளிடம் வந்து மன்னிப்புக் கேட்கவில்லை. ஒருவராவது சாமித்தம்பியோடும் கதைக்கவில்லை. அவர் சேட்டுப் பையில் வைத்த கையை எடுக்காமலே படலையைத் தாண்டிப் போனார்.

"வெண்டுட்டம்தானே அக்கா?" என்றேன்.

"பிடிச்சிட்டம்," என்றார் அக்கா. "வெண்டது வேற."

ஜிப்ரி நானா பின்னாலேயே ஓடிவந்தார். குற்றம் செய்த முகம். "கஜானி, எல்லா மெசினிலயும் உங்கட பேரை இப்பவே சரியாப் போடுறன். பிள்ளையாரையும் எடுத்துட்டன். பழைய நம்பர்தானே, ஆயிரத்துப் பதினொண்டு?"

அவள் படலைப் பக்கம் பார்த்தாள். ரோட்டில் வெள்ளைச் சேட்டு சின்னதாகிக்கொண்டிருந்தது.

"வேணாம் நானா. எல்லாருக்கும் கடைசியில போடுங்க. அவர்ட நம்பருக்குப் பக்கத்தில வேணாம்."

பின்சில்லுக்குக் காற்று அடித்து, அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பஸ் நிற்குமிடம் வரை போனேன். வீட்டுக்குப் போகவில்லையா என்று நான் கேட்கவில்லை. செங்கலடி பஸ் வந்தது, ஏறிக்கொண்டாள்.